மூன்று யூனிட்

மெயினை இறக்கிவிட்டு வந்து, பொது நடையில் ஸ்டூலைப் போட்டு, இரண்டு மீட்டர் பெட்டிகளுக்கும் நேர் எதிரே தவசிலிங்கம் உட்கார்ந்தபோது மணி பத்து நாற்பது. ரீடிங் எடுக்கிறவர் இனி எவ்வளவு தாமதமாக வருகிறாரோ அவ்வளவுக்கு நல்லது. இடது பெட்டி அவருடையது, வலது பெட்டி தம்பி குருலிங்கத்துடையது. போன கணக்கு எடுத்த நாளிலிருந்து இன்று காலை ஆறு மணி வரை இடது பெட்டி நூற்று அறுபத்து மூன்று ஓடியிருந்தது, வலது பெட்டி நூற்று அறுபது. மூன்று யூனிட். மூன்றே மூன்று. பதினோரு வருஷத்தில் இவ்வளவு பக்கத்தில் வந்ததே இல்லை. எண்பது, நூறு, ஒரு தடவை நூற்று முப்பது என்று எப்போதும் அவர்தான் கூட, தம்பிதான் குறைவு. பாகம் பிரித்து நடுவில் சுவர் எழுப்பிய நாளிலிருந்து அப்படித்தான். இந்தத் தடவை அப்படி ஆகப்போவதில்லை. தன் பெட்டி நூற்று அறுபத்து மூன்றில் உறைந்துபோய் நிற்கும். சுவருக்கு அந்தப் பக்கம், கிழக்கு வீட்டில், தம்பி பெண்டாட்டி குணவதி பத்து மணிக்கே வாஷிங் மெஷினைப் போட்டுவிட்டாள், கடகடவென்ற சத்தம் நடை வரை கேட்கிறது. மகள் பிள்ளைப்பேற்றுக்கென்று சென்னைக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு முந்தாநாள்தான் புருஷனும் பெண்டாட்டியும் திரும்பினார்கள். ஒரு மாதத்து அழுக்கு. துவைக்கட்டும், நன்றாகத் துவைக்கட்டும், மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் ஏற்றட்டும், இஸ்திரி போடட்டும். வலது பெட்டி அறுபத்தொன்று ஆகும், அறுபத்திரண்டு ஆகும், அறுபத்து மூன்று, அறுபத்து நான்கு. நான்கு வந்தால் போதும். அதற்குப் பிறகு ரீடிங் எடுக்கிறவர் வரட்டும், அவருக்கு ஒரு டம்ளர் மோர்கூடக் கொடுக்கலாம்.

“என்னங்க, கரண்ட் போயிருச்சா?” என்று உள்ளேயிருந்து சீனியம்மாள் கேட்டாள். “போகல. நான்தான் நிறுத்தினேன்.” “அடுப்படில கை தெரியலங்க.” “பின் கதவத் தெற.” “ஃபிரிட்ஜுல மாவு இருக்கே.” “தண்ணிச் சட்டிக்குள்ள தூக்கி வை. பாலையும் எடுத்துக் காய்ச்சிரு.” பிறகு, “மாவு புளிச்சுப் போச்சுன்னா என்னைய வையக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்,” என்ற குரலும் பின் கதவு திறக்கும் சத்தமும் கேட்டன. பின் கதவைத் திறந்தால் வெளிச்சம் வரும், கூடவே வைகாசி வெயிலும் வரும். சாத்தூர் வெயில் திறந்த கதவைப் பார்த்தால் விருந்தாளி மாதிரி உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த அடுப்படி மேற்குப் பார்த்தது, ஆளுயரத்தில் ஒரு சன்னல், மேலே தகரம். பாகம் பிரித்த முதல் வருஷமே அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், அடுப்படிக்கு ஒரு ஃபேன், சுவரில் மாட்டுகிற சின்ன ஃபேன். அவர் முடியாது என்று சொல்லவில்லை. முடியாது என்று சொல்கிற ஆள் இல்லை அவர். “அவங்களுக்குக் கீழ ஒரே ஒரு தடவை நம்ம யூனிட் வரட்டும், அன்னைக்கே ஃபேன்,” என்றார். அது நியாயமான பேச்சாகத்தான் அப்போது பட்டது. ஒரு குடும்பம் சேர்த்து வைக்கிறதா கரைக்கிறதா என்பதற்கு மீட்டரை விட நேர்மையான சாட்சி உண்டா? அது முகத்துக்காகப் பேசாது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, வருஷத்துக்கு ஆறு, பதினோரு வருஷத்துக்கு அறுபத்தாறு தடவை அது சொன்னது ஒரே தீர்ப்பு. நீ தோற்றாய். உன் தம்பி ஜெயித்தான்.

காசு பெரிதில்லை. காசு என்று பார்த்தால் நூறு யூனிட் சும்மா, மிச்சத்துக்குத்தான் பணம், இரண்டு வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு கிலோ கறிக்கு வராது. ஆனால் குருலிங்கம் எப்படிப்பட்டவன் என்று அவருக்குத் தெரியும். சின்ன வயதில் நாலணா கொடுத்தால் நாலணாவுக்கும் சேவும் மிட்டாயும் வாங்கித் தின்றுவிட்டு, அண்ணன் பையில் இருக்கும் நாலணாவைப் பார்த்துக்கொண்டே நிற்பவன். அவர் எட்டாவதோடு நிறுத்திவிட்டுத் தீப்பெட்டி ஆபீசில் சேர்ந்து, முப்பத்தெட்டு வருஷம் பெட்டி எண்ணி, பண்டல் எண்ணி, ஒரு பெட்டியைக் கையில் தூக்கியதுமே இதில் ஐம்பது குச்சி இல்லை நாற்பத்தேழுதான் என்று சொல்கிற அளவுக்குக் கை பழகி, பீடி இல்லை, காப்பிக் கடை இல்லை, சினிமா இல்லை என்று சேர்த்தவர். சேர்க்கத் தெரிந்தவன் என்றால் தெருவில் அவரைத்தான் சொல்ல வேண்டும். சொல்லவும் செய்தார்கள். அப்படியிருக்க இந்த ஒரு விஷயத்தில், தினமும் கண்ணெதிரே தொங்குகிற இந்தப் பெட்டியில், செலவாளித் தம்பி குறைவு, அவர் கூட. எப்படி? அங்கே வாஷிங் மெஷின் இருக்கிறது. மூன்று ஃபேன் இருக்கிறது, தம்பி மகள் கல்யாணத்துக்கு அங்கே போன அன்று அவரே எண்ணினார். இரவு பத்தரை வரை டிவி சத்தம். முதலில் ஏதோ தில்லுமுல்லு என்று நினைத்தார், மீட்டர் மேல் காந்தம் வைப்பார்களாமே என்று யாரோ சொல்லக் கேட்டு ஒரு வாரம் அதிகாலையில் எழுந்து வந்து வலது பெட்டியைத் தடவித் தடவிப் பார்த்தார். ஒன்றுமில்லை. பிறகுதான் குணவதியைக் கவனிக்க ஆரம்பித்தார். அவள் பகலில் விளக்குப் போடுவதில்லையோ? துணியைக் கடையில் கொடுத்து இஸ்திரி போடுகிறாளோ? சிலருக்குக் கைவாகு என்று ஒன்று உண்டு, அவர்கள் கை பட்டால் அரிசி பெருகும், எண்ணெய் நிற்கும். அவளுக்கு அந்தக் கை. நமக்கு வாய்த்தது? அந்த நினைப்பு வந்தபோது அவர் முகம் உள்ளே அடுப்படிப் பக்கம் திரும்பியது, அதைத் தடுக்க அவரால் முடியவில்லை.

“குணவதியப் பாத்துப் படி.” எத்தனை தடவை சொல்லியிருப்பார். ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு தடவை என்று வைத்தாலே அறுபத்தாறு. ஒரே ஒரு தடவைதான் அவள் எதிர்த்துப் பேசினாள், நாலு வருஷத்துக்கு முந்தின ஒரு சித்திரையில், அம்மியில் குழம்புக்கு அரைத்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், “அப்ப அவளையே கட்டியிருக்க வேண்டியதுதான,” என்றாள். மிக்ஸி பெட்டிக்குள் இருந்தது, மகள் ஜோதிமணி திருப்பூரிலிருந்து வாங்கி அனுப்பியது, கொஞ்ச நாள் ஓடிவிட்டு ஏழு வருஷமாகப் பெட்டிக்குள் இருக்கிறது. தோள் வலிக்குது என்று அவள் தைலம் தேய்ப்பாள். ஆனால் வேடிக்கை என்னவென்றால், அவள் மிக்ஸியை நிறுத்தியபோது இவர் பெட்டி குறையவில்லை. ராத்திரியில் ஃபிரிட்ஜை அணைத்தபோது குறையவில்லை. நடு வீட்டுக் குழல்விளக்கை எடுத்துவிட்டு ஒன்பது வாட் பல்பு மாட்டியபோது குறையவில்லை. அந்த ஒவ்வொரு தடவையும் வலது பெட்டிதான் குறைந்தது. இங்கே ஒன்றை அணைத்தால் அங்கே ஒன்று அணைந்தது. இதைக் கண்டுபிடித்தபோது அவருக்கு உடம்பு எரிந்தது, ஏனென்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான் இருக்க முடியும்: சீனியம்மாள் பின்பக்கச் சுவர் வழியாக எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிடுகிறாள். கருவேப்பிலை வாங்குகிற சாக்கில் சொல்கிறாள், நாங்க இப்பிடிச் செஞ்சோம் குணவதி என்று. இவர் கண்டுபிடிக்கிற யுக்தியெல்லாம் சுவர் தாண்டிப் போய் அங்கே பலிக்கிறது, இங்கே பலிக்கவில்லை. பக்கத்து இலைக்குப் பாயசம். ஒரு மாதம் சுவரோரம் நின்று பேசக்கூடாது என்று சொன்னார், அவளும் பேசவில்லை, அப்போதும் வலது பெட்டிதான் குறைந்தது. சரி, அவர்களுக்கும் மூளை இருக்கிறதே.

திருப்பூர்க் கணக்கை நினைத்தால் இப்போதும் நெஞ்சில் ஒரு முள் நகர்கிறது. ஜோதிமணிக்கு முதல் பிள்ளை பிறந்தபோது பன்னிரண்டு நாள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனார்கள். பன்னிரண்டு நாள் மிச்சம் என்று பஸ்ஸிலேயே கணக்குப் போட்டுக்கொண்டு வந்தார். வந்து பார்த்தால் தன் பெட்டி இருநூற்று அறுபத்தெட்டு, வழக்கத்துக்கு ஒரு யூனிட் குறையவில்லை. வலது பெட்டி மட்டும் அந்தத் தடவை நாற்பது இறங்கியிருந்தது. ஆள் இல்லாத வீட்டை ஆள் இருக்கிற வீடு தோற்கடித்துவிட்டது. “ஃபிரிட்ஜ அணைக்காம வந்துட்ட,” என்றார். “நீங்கதான பூட்டுனீங்க,” என்றாள். அன்றிலிருந்து பூட்டிய வீட்டிலும் ஃபிரிட்ஜ் தின்னும் என்று அவருக்கு ஒரு பாடம். அதனால்தான் இந்த ஒரு மாதம் கிழக்கு வீடு பூட்டிக் கிடந்தும் வலது பெட்டி ஓடிக்கொண்டே இருந்ததைப் பார்த்து அவர் ஆச்சரியப்படவில்லை, சந்தோஷப்பட்டார். ஓடு, ஓடு. அணைக்காமல் போயிருக்கிறாள் குணவதி, கைவாகுக்காரி. இந்தப் பக்கம் அவர் சீனியம்மாளின் ஏழரை மணி சீரியலை நிறுத்தினார், அது ஒன்றுதான் அவள் பார்ப்பது. அதை நிறுத்தியதும் அவர் பெட்டி இருநூற்று எழுபதிலிருந்து நூற்று அறுபத்து மூன்றுக்கு விழுந்துவிட்டது. ஒரு சீரியல் நூறு யூனிட்டா என்று ஒரு நிமிஷம் மலைத்தார். பிறகு, டிவி சனியன் அப்படித்தான் தின்னும் என்று சமாதானம் செய்துகொண்டார். ஜெயிக்கப் போகிறவன் கணக்கைத் திரும்ப எண்ணிப் பார்ப்பதில்லை. மூன்று யூனிட். இன்னும் மூன்று, இல்லை நான்கு.

பதினொன்று ஐந்துக்குத்தான் அது கண்ணில் பட்டது. இடது பெட்டியில் எண்ணுக்குக் கீழே ஒரு சின்னச் சிவப்பு விளக்கு இருக்கிறது, கடுகு அளவு, மின்சாரம் ஓடும்போது அது மினுக்கும். பதினோரு வருஷமாக அவர் எண்ணைத்தான் பார்த்திருக்கிறார், அந்தக் கடுகைப் பார்த்ததில்லை. அது மினுக்கியது. நின்றது. மினுக்கியது. மெயினை இறக்கிய வீட்டின் பெட்டி எப்படி மினுக்கும்? சைக்கிளை மிதிக்காமல் விட்டாலும் சக்கரம் கொஞ்ச தூரம் ஓடுவது மாதிரி, பழைய வேகத்தில் ஓடுகிறது போலிருக்கிறது என்று எண்ண ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு. எண்ணுவதென்றால் அவருக்கு மூச்சு விடுவது மாதிரி, தானாக நடக்கும். நூற்றைத் தாண்டியும் அது நிற்கவில்லை. பார்த்துக்கொண்டே இருக்கும்போது எண் மாறியது. போன கணக்கைக் கழித்தால் நூற்று அறுபத்து நான்கு. அவர் எழுந்துவிட்டார். எழுந்து நின்று, கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி பார்த்தார். நான்குதான். சுவருக்கு அப்பால் வாஷிங் மெஷின் துணி பிழியும் சுற்றுக்கு வந்து ஊளையிட்டது, ஊளை ஏற ஏறச் சிவப்புக் கடுகும் படபடவென்று மினுக்கியது. ஊளை அடங்கியதும் அதுவும் அடங்கியது. ஓஹோ. ஓஹோ, அப்படியா சங்கதி. திருடுகிறான். அந்தக் கோபத்தில் ஒரு சுகம்கூட இருந்தது, ஆண்டுக்கணக்கில் சந்தேகப்பட்டது பொய்யில்லை என்கிற சுகம். என் பெட்டியிலிருந்து வயர் இழுத்திருக்கிறான். சேவு வாங்கித் தின்றவன். பையையே பார்த்துக்கொண்டு நின்றவன். கையைப் பையிலும் விட்டுவிட்டான்.

கூப்பிட்டுக் கேட்டுவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் தம்பி கடைக்குப் போயிருக்கிறான், வீட்டில் குணவதி மட்டும்தான், அவளோடு இவர் நேருக்கு நேர் பேசுவதில்லை, மூத்தார் முன்னால் அவளும் நிற்பதில்லை, ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கதவிடமோ கோழியிடமோ சொல்வாள், இவர் காதில் விழும். அதனால் அவர் வாயை மூடிக்கொண்டு வலது பெட்டியைப் பார்த்தார். திருடனுடைய பெட்டி. அது எவ்வளவு கொஞ்சமாக மினுக்குகிறது என்று பார்த்து எண்ணி வைத்துக்கொண்டால் சாயங்காலம் அவன் வந்ததும் முகத்தில் எறியலாம். பார்த்தார். வலது பெட்டி மினுக்கவே இல்லை. கொஞ்சமாகக்கூட இல்லை. செத்த கண் மாதிரி இருந்தது. நூற்று அறுபது, காலையில் இருந்த அதே நூற்று அறுபது. இங்கேதான் அவர் நினைப்பு ஒரு ஆணியில் மாட்டிக்கொண்டு கிழிந்தது. திருடுகிறவன் பாதியைத் திருடுவான், முக்கால்வாசி திருடுவான். வீடு முழுவதையும் அடுத்தவன் பெட்டியில் மாட்டிவிட்டுத் தன் பெட்டியைச் சும்மா தொங்கவிடுவானா? அப்படித் தொங்கவிட்டால் இரண்டு மாதத்தில் இது நூற்று அறுபது ஓடியது எப்படி? யார் ஓட்டினார்கள்? ஆள் இல்லாத ஒரு மாதமும் ஓடியதே? அவர் மெதுவாக உள்ளே போனார். மெயின் சுவிட்சைப் பிடித்தார். மேலே தள்ளினார். ஃபிரிட்ஜ் ஒரு தடவை உதறிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. நடைக்கு வந்தார். வலது பெட்டி மினுக்கியது. மறுபடி உள்ளே போய் இறக்கினார், வந்து பார்த்தார், செத்த கண். போய் ஏற்றினார், வந்தார், மினுக்கியது. இறக்கினார். “என்னங்க, வெளையாடுறீங்களா?” என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. அவர் ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார்.

கிழக்கு வீடு இடது பெட்டியில் ஓடுகிறது. மேற்கு வீடு, அவர் வீடு, வலது பெட்டியில் ஓடுகிறது. எப்போதிலிருந்து என்ற கேள்விக்குப் பதில் தேட வேண்டியதில்லை, அது அவருக்குள்ளேயே இத்தனை வருஷமாக உட்கார்ந்திருந்தது. பாகப்பிரிவினை அன்று எல்லாவற்றுக்கும் சீட்டு எழுதிக் குலுக்கினார்கள். மேற்கு வீடு இவருக்கு, கிழக்கு தம்பிக்கு. கிணற்றுக் கயிற்றைக்கூட டேப் வைத்து அளந்து வெட்டினார்கள். மீட்டர் இரண்டும் அதற்கு முந்தின வாரமே வந்து மாட்டியாகிவிட்டது, வயர்மேன் தங்கச்சாமி வயரும் இழுத்துவிட்டார், இடது பெட்டி கிழக்குக்கு, வலது பெட்டி மேற்குக்கு. அப்படியே பெயர் எழுதியிருந்தால் வம்பில்லை. அன்றுதான் அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பெட்டியின் நம்பரையும் படித்தார். இடது பெட்டியின் நம்பர் ஒன்று குறைவு, வலது பெட்டியின் நம்பர் ஒன்று கூட. அதாவது தம்பிக்கு முன் நம்பர், அண்ணனுக்குப் பின் நம்பர். நாளைக்கு ஒரு லிஸ்டு எழுதினால் குருலிங்கம் மேலே, தவசிலிங்கம் கீழே. “மூத்தவன் நான் இருக்கையில அவனுக்கு எப்பிடி முன்னால நம்பர்? இடதுதான் எனக்கு,” என்றார். பங்காளிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குருலிங்கம் சுவரைப் பார்த்தபடி, “எடுத்துக்கட்டும். அந்த நம்பரையும் எடுத்துக்கட்டும்,” என்றான். அண்ணனும் தம்பியும் நேராகப் பேசிக்கொண்டதாக அதற்குப் பிறகு ஞாபகமில்லை. அட்டையில் பெயர் மாறியது. வயரை மாற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, தம்பிக்கும் தோன்றவில்லை. தங்கச்சாமி அடுத்த வருஷம் செத்துப்போனார்.

அப்படியென்றால் அறுபத்தாறு தடவையும் ஜெயித்தது நான்தான். இந்த நினைப்பு முதலில் ஒரு குழந்தையைப் போல ஓடி வந்து அவர் மடியில் ஏறியது. நான்தான், நான்தான் கம்மி. செலவாளி செலவாளிதான், கைவாகும் இல்லை ஒன்றும் இல்லை, இருநூற்று எழுபது ஓட்டிவிட்டு என் நூற்று அறுபதில் நெஞ்சை நிமிர்த்தித் திரிந்திருக்கிறார்கள். எழுந்து போய்க் கிழக்கு வீட்டுக் கதவைத் தட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும், குணவதியின் முகம் விழுவதைப் பார்க்க வேண்டும். ஆனால் சொன்னால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏன் மாறியது என்று. முன் நம்பருக்கு அடித்துக்கொண்டு அடுத்தவன் பில்லைப் பதினோரு வருஷம் கட்டியவன் என்று தெரு சிரிக்கும், குருலிங்கம் சுவரைப் பார்த்துச் சிரிப்பான். சொல்லாவிட்டால்? அந்த இடத்தில் மனசு ஒரு சந்துக்குள் புகுந்தது. சொல்லாவிட்டால் இனி எல்லாம் தலைகீழ். மேற்கு வீட்டில் என்ன ஓடினாலும் வலது பெட்டியில் ஏறும், அவர்கள் கணக்கில் ஏறும், அவர்கள் பணம் கட்டுவார்கள். மிக்ஸியை எடுக்கலாம். சீரியல் பார்க்கலாம். அடுப்படிக்கு ஃபேன், ஒன்றென்ன இரண்டு. ஓட ஓட வலது பெட்டி வீங்கும், அடுத்த கணக்கில் தவசிலிங்கம் கம்மி, குருலிங்கம் கூட என்று அட்டையிலேயே எழுதிவிடுவார்கள். பங்காளிகள் பார்க்க, தெரு பார்க்க. எவ்வளவு சுலபம். அவருக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த வினாடி, தகரத்துக்குக் கீழே அடுப்பு முன்னால் சேலை முந்தியை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு நிற்கிறவளுக்கு ஃபேன் வாங்கித் தரவும் தனக்கு ஒரு தம்பியின் தோல்வி தேவைப்படுகிறதே என்று எங்கேயோ ஒன்று கசந்தது. போன வருஷம் அக்னி நட்சத்திரத்தில் அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்து அடுப்படிச் சிமெண்டுத் தரையிலேயே படுத்துவிட்டாள். தண்ணீர் தெளித்தார். எழுந்ததும் அவள் கேட்டது, “ரீடிங் எடுத்துட்டாங்களா?”

ரீடிங் எடுக்கிறவர் பன்னிரண்டு பத்துக்கு வந்தார், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. “ஐயா காவல் இருக்கீங்க போல,” என்று சொல்லிக்கொண்டே இடது பெட்டியைப் பார்த்தார். “தவசிலிங்கம், நூத்தறுபத்தஞ்சு. குருலிங்கம், நூத்தறுபது.” இரண்டு அட்டையிலும் எழுதினார். கிழக்கு வீட்டுக் கதவு ஒருக்களித்தது, கையில் ஈரத் துணியோடு குணவதியின் பாதி முகம் தெரிந்தது. “எங்களுக்கு நூத்தறுபதா சார்? ஒரு மாசம் வீடே பூட்டிக் கெடந்துச்சே.” “மீட்டர்ல உள்ளதத்தாம்மா எழுதுறேன்.” “சரி, போகுது. மேக்க எம்புட்டு?” “நூத்தறுபத்தஞ்சு.” அவள் ஈரத் துணியை உதறினாள். பிறகு கதவு நிலையைப் பார்த்துச் சொன்னாள்: “ஆளு இருந்தும் அஞ்சுதான் கூடவா? பரவாயில்லையே, எங்க மூத்தாரும் படிச்சுக்கிட்டாரு.” கதவு மூடிக்கொண்டது. ரீடிங் எடுக்கிறவர் போய்விட்டார். மோர் கொடுக்கவில்லை. தவசிலிங்கத்தின் வாய்க்குள் பதினோரு வருஷம் முழுதும் திரண்டு நின்றது, நாக்கு நுனி வரைக்கும் வந்தது, அவர் அட்டையை எடுத்துக்கொண்டார்.

சீனியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டே நடைக்கு வந்தாள். முகம் வெந்த கிழங்கு மாதிரி சிவந்திருந்தது, கழுத்தில் வேர்க்குரு, அதன் மேல் உப்பு. அட்டையை வாங்கிப் பார்த்தாள், எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் எண்ணை மட்டும் சட்டென்று படிப்பாள். “அஞ்சு கூடிருச்சா,” என்றாள். அவர் முகத்தைப் பார்த்தாள். அவள் குரல் இளகியது. “சரி விடுங்க. இம்புட்டுப் பக்கத்துல வந்ததே பெருசு. அடுத்த கணக்குல ஃபிரிட்ஜையும் நிறுத்திருவோம். பால அன்னன்னைக்கு வாங்கிக்கிட்டாப் போச்சு. ஒரேடியா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறாதீங்க.” இதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அவள் வைதிருந்தால் அந்தச் சந்துக்குள்ளேயே அவர் ஒளிந்துகொண்டிருப்பார். “இங்க நில்லு,” என்றார். “எதுக்கு?” “இங்க நின்னு வலது பெட்டியப் பாரு. அந்தச் செவப்பு. கடுகு மாதிரி இருக்குல்ல, அதப் பாத்துக்கிட்டே இரு.” உள்ளே போய் மெயினை ஏற்றினார். “மினுக்குது,” என்றாள். இறக்கினார். “நின்னுருச்சு.” ஏற்றினார். இறக்கினார், ஏற்றினார். வாயால் சொல்ல வராததைக் கையால் சொன்னார், ஐந்து தடவையோ ஆறு தடவையோ. கடைசியில் ஏற்றியபடியே விட்டுவிட்டு, கதவுக்கு இந்தப் பக்கமே நின்றார்.

“அது அவங்க பெட்டிதான?” என்று நடையிலிருந்து கேட்டாள். “பேரு அவங்க பேரு. ஓடுறது நாம.” “எத்தன வருஷமா?” “ஆரம்பத்துலருந்து.” “இடதுதான் வேணும்னு சண்டை போட்டீங்களே, அன்னையிலருந்தா?” “ம்.” அவள் விரலை மடக்க ஆரம்பித்தாள், யூனிட்டையா, வருஷத்தையா, தெரியவில்லை, இரண்டாவது விரலிலேயே நிறுத்திவிட்டாள். “அப்ப குணவதி குணவதின்னு நீங்க சொன்னது என்னையா?” அவர் நிலைப்படியைப் பார்த்தார். “அவ மேல எனக்கு எம்புட்டு எரிச்சல் தெரியுமா?” என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி, சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுவிடாதபடி. “கருவேப்பில வாங்கப் போறப்பல்லாம் எட்டி எட்டிப் பாப்பேன், இவ அப்பிடி என்னத்தத்தான் மிச்சம் பிடிக்கான்னு. ஒரு நாக்கூட அவ ஃபேன அணைச்சு நான் பாத்ததில்ல. நமக்குத்தான் ஏதோ புரியலன்னு நெனச்சேன். நம்ம கைதான் ஓட்டக் கையின்னு நெனச்சேன்.” அவர் சொல்ல நினைத்தது நிறைய இருந்தது. வெளியே வந்தது, “வயர மாத்தச் சொல்லணும். குருலிங்கத்துக்கிட்ட நானே சொல்றேன்,” என்பதுதான். “சொல்லுங்க,” என்றாள். “சாயங்காலம் சொல்லிக்கலாம். சோறு ஆறிப் போகும்.” ஆனால் அடுப்படிக்குப் போகவில்லை. அவரைத் தாண்டி நடு வீட்டுக்குப் போனாள், ஈரக் கையோடு சுவிட்சைப் போட்டாள், ரெகுலேட்டரைத் திருகினாள், இரண்டிலேயே பதினோரு வருஷம் நின்று துருவேறியிருந்த திருகு கிறீச்சென்று மூன்று, நான்கு, ஐந்துக்குப் போனது. இந்த வேகத்தில் அந்த ஃபேன் ஓடி அவர் பார்த்ததில்லை. காலண்டர் தாள்கள், அவர் தினமும் ரீடிங் எழுதி வைத்த தாள்கள், படபடவென்று அடித்துக்கொண்டன. அவர் நடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். வலது பெட்டியின் சிவப்புக் கடுகு விறுவிறுவென்று மினுக்கியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று உள்ளே எண்ண ஆரம்பித்துவிட்டது, அவர் ஆரம்பிக்கவில்லை, அது தானாக.

“என்னங்க,” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அதில் சிரிப்பு இருந்ததா, வேறொன்றா, அவரால் எடை போட முடியவில்லை. “குணவதி ஃபேனுக்கு அடியில உக்காந்திருக்கா. வந்து பாத்துப் படிச்சுக்கோங்க.”